கல்வெட்டில் ஏறாத தொழில்

கல்வெட்டுகளுக்கு எவரும் விமர்சனம் எழுதுவதில்லை. கவிதைத் தொகுதி ஒன்று வந்தால் நாலு பேர் அடிபடுகிறோம். நாவல் வந்தால் விழா வைத்து ஆறு பேர் பேசி, ஏழாவது ஆளுக்கு நேரமில்லாமற் போகிறது. ஆனால் புலம்பெயர்ந்த தமிழர் வீடுகளில் மெய்யாகவே அட்டை முதல் அட்டை வரை வாசிக்கப்படுகிற, சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைக்கப்படுகிற தமிழ்ப் புத்தகம் அநேகமாக அந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலர் ஒன்றுதான். அதைப்பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பது ஒரு காரணம். மதியச் சாப்பாட்டோடு இலவசமாகக் கையில் தரப்படுகிற ஒன்றை எப்படி விமர்சிப்பது என்பது இன்னொரு காரணமாக இருக்கலாம்.

கல்வெட்டு என்றால் எமக்குக் கல் அல்ல, கடதாசி. யாழ்ப்பாணத்தில் இதற்கு முன்னோடி சரமகவி. ஊர்ப் புலவர் ஒருவர் இறந்தவர்மேல் பாடிக் கொடுக்க, அதை அச்சடித்து விநியோகிப்பார்கள். பிறகு அது சிறு நூலாக வளர்ந்தது. தேவாரம், திருவாசகம், திதி வெண்பா, வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். அந்தியேட்டி அன்று ஒருவர் இராகத்தோடு படிக்க, வீட்டுப் பெண்கள் இன்னொருமுறை அழுவார்கள். இப்போது மெல்பேர்ணிலும் இது நடக்கிறது. மண்டபம் எடுத்து, வழவழப்பான தாளில் வர்ணப் படங்களோடு மலர் வருகிறது.

'நூலகம்' நிறுவனத்தார் 2005 இலிருந்து இணையத்தில் எமது நூல்களைச் சேகரித்து வைக்கிறார்கள் அல்லவா? அதில் இந்த நினைவு மலர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஒரு சமூகத்துக்கு இது சின்ன வேலை அல்ல. இரவு வேலை முடிந்து ரோவில் ஸ்ரட் பார்க் வரை வரும் 900 ஆம் இலக்க பஸ்ஸில் தொலைபேசியில் அவற்றை வாசிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அறுபது எழுபது மலராவது வாசித்திருப்பேன். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் படிக்காதவன், சமையலறையில் கோப்பை கழுவுகிறவன், ஒரு இலக்கிய வகையை எடைபோடுவதா என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். இந்த வகையைப் பேராசிரியர்கள் எடைபோடும்வரை காத்திருந்தால் என் தலைமுறை முடிந்துவிடும்.

புலம்பல்களோடு எனக்கு வழக்கில்லை. பெயரை மாற்றினால் எந்த வீட்டுக்கும் பொருந்தும் என்று அவற்றைக் கேலி செய்பவர்கள் உண்டு. ஒப்பாரியும் அப்படித்தான். அது அழவைக்க வேண்டும், அழவைக்கிறது. எனது வழக்கு 'வாழ்க்கை வரலாறு' என்ற தலைப்பின்கீழ் வரும் அந்த இரண்டு பக்க உரைநடையோடு.

அது எப்படிப் போகும் என்று வாசகர்களுக்குத் தெரியும். முதலாவது பந்தியில் ஊரின் பெருமை: கோயில், குளம், வயல், கல்விமான்கள். அடுத்து தாய் தகப்பன். பிறகு பள்ளிக்கூடம். உரிய பருவத்தில் திருமணம். பிள்ளைகள், அவர்கள் எந்தெந்த நாட்டில் என்னவாக இருக்கிறார்கள் என்ற விபரம். கோயில் பரிபாலன சபை. கடைசியில் நோய், இறைபதம். இதற்குள் அந்த மனிதர் ஐம்பது வருடமாக விடியற்காலை எழும்பிப் போய்ச் செய்த வேலை எங்கே? அரச உத்தியோகம் என்றால் இருக்கிறது. ஸ்ரேசன் மாஸ்ரர், தபாலதிபர், சிறாப்பர், கிளாக்கர், ஆசிரியர் என்று பதவி, இடமாற்றம் பெற்ற ஊர்கள், ஓய்வுபெற்ற ஆண்டு எல்லாம் வரிசையாக வரும். ஓய்வூதியம் உள்ள உழைப்புக்கு வரலாறு உண்டு. ஓய்வூதியம் இல்லாத உழைப்புக்கு ஒரு சொல்தான் உண்டு: வர்த்தகர். கையில் கொஞ்சம் காசு இருந்தால் பிரபல வர்த்தகர். தையல்காரரும் தட்டிவான் ஓடியவரும் பேக்கரியில் பாண் போட்டவரும் மரம் அரிந்தவரும் 'அயராத உழைப்பால் உயர்ந்தவர்' என்ற ஒரே வரிக்குள் போய்விடுகிறார்கள். என்ன உழைப்பு, எத்தனை மணிக்கு எழும்பினார், எதிலிருந்து எதற்கு உயர்ந்தார் என்று கேட்கக்கூடாது.

வானொலி மரண அறிவித்தலின் இலக்கணமும் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்த அந்த நீண்ட வசனம்: இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மாமனாரும், இன்னாரின் பேரனும் ஆவார். மூச்சு விடாமல் 'உம்' 'உம்' என்று அடுக்கிக்கொண்டு போய் முடியும்போது ஆள் யாருக்கு என்ன முறை என்பது முழுக்கத் தெரியும். ஆள் யார் என்பது தெரியாது. புலம்பெயர்ந்த பிறகு இதற்கு இடப்பெயர்களும் சேர்ந்துகொண்டன. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வசிப்பிடமாகவும், அவுஸ்திரேலியா மெல்பேர்ணைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட! பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சிட்னி. எமது இடப்பெயர்வின் வரைபடத்தை யாராவது கீற விரும்பினால் இந்த அடைப்புக்குறிகளே போதும்.

உண்மையான கல்வெட்டுகள் இப்படி இல்லை. தஞ்சைப் பெரியகோயிற் சுவரில் இராசராசன் வெட்டுவித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு எவ்வளவு நெல் என்று அதில் இருக்கிறது. அதே பட்டியலில் கணக்கர், தையல்காரர், நாவிதர், சலவைத் தொழிலாளர், தச்சர் வரை அவரவர் பங்கோடு வருகிறார்கள். ஒரு நுந்தா விளக்கு எரிக்க 96 ஆடு என்று வேறு கோயில்களில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. அரசனின் பெருமைக்காக வெட்டியதுதான், அதில் எனக்கு மயக்கமில்லை. ஆனால் அந்தக் கல்லில் தொழிலும் கூலியும் அளவும் இருக்கின்றன. ஆயிரம் வருடம் கழித்து அதே பெயரைச் சூட்டிக்கொண்ட எமது கடதாசியில் கூலி இல்லை, அளவு இல்லை, தொழில் இல்லை.

இந்த இல்லாமை எங்கே மிகவும் உறைக்கிறது என்றால் சுருட்டுக் கடைக்காரர்கள் விடயத்தில். சென்ற நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலிருந்து போய் தென்னிலங்கைச் சிறு நகரங்களில் சுருட்டுக் கடை வைத்திருந்தவர்கள் ஏராளம். மனைவி பிள்ளைகள் ஊரில். இவர் சிங்கள ஊரொன்றில் கடைக்குள்ளேயே படுத்து, தானே சமைத்து, சித்திரை வருடத்துக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் மட்டும் ஊர் வந்து போவார். பிள்ளைகளுக்குத் தகப்பன் என்பவர் வருடத்தில் இரண்டு தடவை ரயிலால் இறங்கும் ஒரு விருந்தாளி. 1958, 1977, 1983 என்று மூன்று தடவை அந்தக் கடைகளுக்கு நெருப்பு வந்தது. முதல் தடவை எரிந்த பின்னும் திரும்பிப் போய் அதே தெருவில் கடை திறந்தவர்கள் இருக்கிறார்கள். ஏன் திரும்பிப் போனார்கள்? கடன் யாரிடம் வாங்கினார்கள்? எரித்த அதே ஊரில் அடுத்த நாள் யாருக்குச் சுருட்டு விற்றார்கள்? சிங்களம் எப்படிப் பழகினார்கள், கடன் கொப்பியை எந்தப் பாஷையில் எழுதினார்கள்? எமது இனப்பிரச்சினையைப் பற்றி எழுதப்பட்ட தடித்த நூல்கள் பலவற்றில் இல்லாத விடயங்கள் இந்தக் கிழவர்களிடம் இருந்தன. அவர்களுடைய மலரைத் திறந்தால், 'தென்னிலங்கையில் வர்த்தகம் புரிந்து வருங்காலை வன்செயல் காரணமாக ஊர் திரும்பினார்.' அவ்வளவுதான். ஒரு ஆயுள் எட்டுச் சொல்லில் முடிந்துவிட்டது.

ஊரில் சுருட்டுச் சுற்றியவர்களுக்கு அந்த எட்டுச் சொல்லும் இல்லை. கொக்குவில், இணுவில் பக்கத்துக் கொட்டில்களில் கை சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகையையோ புராணத்தையோ உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டு விவாதிப்பார்கள். எழுத்தறியாத பலர் அங்கேதான் உலக அரசியல் படித்தார்கள். யாழ்ப்பாணத்தின் வாசிப்பு வரலாற்றை எழுதுபவர்கள் இந்தக் கொட்டில்களைத் தாண்டிப் போக முடியாது. ஆனாலும் 'சுருட்டுத் தொழிலாளி' என்று ஒரு தகப்பனை அறிமுகம் செய்யும் மலர் என் கண்ணில் இன்னும் படவில்லை.

என் அப்பா 2019 இல் சாவகச்சேரியில் இறந்தார். நான் போகவில்லை. 2012 இல் படகில் வந்து, மனு நிராகரிக்கப்பட்டு, பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறவன் இந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வர வழியில்லை. இங்குள்ள பலருக்கு இது புதிய கதை அல்ல, அதனால் விரிக்கவில்லை. கொள்ளி வைக்க முடியாதவனுக்கு வீட்டார் ஒரு வேலை தந்தார்கள்: மலருக்கு வரலாறு எழுது, நீதானே எழுதுகிறவன்.

நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். அப்பா சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர். ரியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்தி, முட்டை வருகிற இடத்தை நகத்தால் அடையாளம் பண்ணி, அரத்தால் உரஞ்சி, சொலூசன் பூசி, வாயால் ஊதிக் காயவிட்டு, பழைய ரியூபில் வெட்டிய துண்டை வைத்துப் பெருவிரலால் அழுத்துவார். கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கியும் தளர்த்தியும் றிம்மின் நெளிவை எடுக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் முழுக் குடாநாடுமே சைக்கிளில் ஓடியது. மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. அந்த டைனமோக்களைப் பழுது பார்த்ததும் அப்பாதான். இதையெல்லாம் எழுதினேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து சில இலட்சம் சனங்கள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. சாமான் ஏற்றிய சைக்கிள்கள் கடைக்கு முன்னால் வரிசையாக நின்றன. றிம் சப்பளிந்தவை, ரியூப் வெடித்தவை, கரியர் உடைந்தவை. அப்பா மூன்று நாட்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் மண்ணெண்ணெய் விளக்குப் பிடித்தேன். புது ரியூப் இல்லை, பிறகு சொலூசனும் முடிந்தது. வெடித்த ரயருக்குள் வைக்கோல் அடைந்து கட்டி அனுப்பினார். 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரமே தரைமட்டமானபோது கடையும் போய்விட்டது. 2002 இல் சமாதான காலம் வந்ததும் நாலு தகரத்தைப் போட்டு அதே இடத்தில் மறுபடி தொடங்கினார்.

அத்தான் தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, நல்லா எழுதியிருக்கிறாய். ஆனால் ஒட்டுப் போட்டது, காத்தடிச்சது எண்டெல்லாம் விரிச்சுப் போடத் தேவையில்லை. பிள்ளைக்கும் கலியாணம் பேசுற நேரம். வர்த்தகர் எண்டு போட்டால் காணும்." மலர் வந்தது. வர்த்தகர் என்றுதான் இருந்தது. வைக்கோல் அடைந்த ரயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப் பிள்ளையாரின் பெருமை ஒரு பந்தி நீண்டிருந்தது.

அத்தானில் எனக்குக் கோபம் இல்லை. அப்பாவிடம் கேட்டிருந்தால் அவரும் அதையேதான் வெட்டியிருப்பார். நான் பிளாயரைத் தொட்டால் "நீ இதுக்குள்ளை கை வைக்காதை, போய்ப் படி" என்று கத்துவார். எமது தகப்பன்மார் தங்கள் தொழிலைப் பிள்ளைகள் மறந்துவிட வேண்டும் என்பதற்காகவே அந்தத் தொழிலைச் செய்தார்கள். யாழ்ப்பாணச் சமூகத்தில் கையால் செய்யும் தொழில் எதுவானாலும் அதன் பின்னால் 'நீங்கள் என்ன ஆக்கள்' என்ற கேள்வி வருகிறது. சைக்கிள் கடைக்கு அப்படி ஒரு சாதி கிடையாது. என்றாலும் கறுத்த விரல்களைப் பார்த்தவுடன் அந்தக் கேள்வி எழத்தான் செய்கிறது. பதில் சொல்வதிலும் பார்க்க 'வர்த்தகர்' என்று மூடிவிடுவது சுகம். இப்போது அந்தப் படிப்பும் பாதியில் நின்று, இங்கே நான் கையால்தான் பிழைக்கிறேன். அம்மா ஊரில் என்னைப் பற்றி 'ஹோட்டல் மனேஜ்மென்ட்' என்று சொல்லி வைத்திருக்கிறா. இரண்டு தலைமுறையின் கைகளையும் மறைக்கிற வேலை இரண்டு பக்கமும் நடக்கிறது.

இதை உடைத்தவர்கள் இல்லாமல் இல்லை. 2021 இல் மறைந்த டொமினிக் ஜீவாவைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் தகப்பனாரின் பெயரில் 'ஜோசப் சலூன்' நடத்தி, அந்தச் சலூனுக்குள்ளிருந்தே 1966 இலிருந்து 'மல்லிகை'யை நடத்தியவர். தான் முடிதிருத்தும் தொழிலாளி என்பதை மறைக்காமல், அதையே தன் சர்வகலாசாலை என்று சொல்லித் திரிந்தவர். 1999 இல் வந்த அவருடைய 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' என்ற சுயசரிதையை நான் மதிப்பது அந்தத் துணிச்சலுக்காக. ஆனால் அங்கும் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அவர் எழுத்தாளரானபடியால்தான் சலூன் எழுத்தில் வந்தது. பக்கத்துக் கதிரையில் நாற்பது வருடம் வெட்டிக்கொண்டிருந்த, ஒரு வரியும் எழுதாத மனிதருக்கு யார் எழுதுவது? அதற்கு மகனோ மகளோதான் வேண்டும்.

அப்படி ஒரு மகள் பிரான்சில் இருக்கிறார். 2022 இல் நோபல் பரிசு பெற்ற அனி எர்னோ. அவருடைய தகப்பனார் நோர்மண்டியில் பண்ணைக் கூலியாக இருந்து, கயிறு ஆலையில் வேலை செய்து, பிறகு ஒரு சிறு நகரில் பலசரக்கும் கோப்பியும் விற்கும் கடை வைத்தவர். மகள் படித்து ஆசிரியைப் பரீட்சையில் சித்தியடைந்து இரண்டு மாதத்தில், 1967 இல், இறந்து போனார். அவரைப் பற்றி எர்னோ 1983 இல் எழுதிய சின்ன நூலை ஆங்கிலத்தில் வாசித்தேன். நூறு பக்கம் வரும். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. உருக்கமாக எழுதக்கூடாது என்று அவர் வேண்டுமென்றே தீர்மானித்து, தட்டையான வசனங்களில், தகப்பன் என்ன பேசினார், எதற்கு வெட்கப்பட்டார், எதைப் பெருமையாக நினைத்தார் என்று கணக்கு எழுதுவதுபோல எழுதுகிறார். படித்த மகளுக்கும் படிக்காத தகப்பனுக்கும் இடையில் விழுந்த தூரத்தையும் அவர் மறைக்கவில்லை. எமது மலர்களில் அந்தத் தூரம் ஒருபோதும் வராது. மகன் டொக்டர் என்று வரும். டொக்டரான பிறகு மகன் அப்பாவின் கடைக்கு வந்து நின்றாரா என்று வராது. பாரிசில் முப்பது வருடமாக வாழும் எம்மவர்கள் இந்த நூலை ஏன் பரவலாகப் பேசவில்லை என்பது எனக்குப் புதிர். அதில் உள்ள கடை லாச்சப்பலில் உள்ள கடை போலத்தான் இருக்கிறது.

கல்வெட்டு சடங்குக்கானது, அதை இலக்கியத்தோடு ஒப்பிடலாமா என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். ஒரு சாதாரண மனிதனைப் பற்றி அச்சில் வருகிற ஒரே எழுத்து அதுதான் என்றபடியால் கேட்கிறேன். அவருக்கு இன்னொரு புத்தகம் வரப்போவதில்லை. பாட்டிமாருக்காவது கதை சொல்லும் வாய் இருந்தது. மெல்பேர்ணில் வாழும் லெ. முருகபூபதி 'பாட்டி சொன்ன கதைகள்' என்றே ஒரு நூல் தந்திருக்கிறார். தாத்தாமார் இரவு கடை பூட்டி வரும்போது பேரப்பிள்ளைகள் நித்திரையாகி விடுவார்கள்.

இங்கே ஸ்பிறிங்வேல் மயானத்தில் நடக்கும் இறுதிக் கிரியைகளில் இன்னொரு வகை எழுத்து வளர்கிறது. பேரப்பிள்ளை ஒன்று எழும்பி, கடதாசியைப் பார்த்து ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசும். பெரியவர்கள் அதை ஒரு சம்பிரதாயமாகப் பொறுத்துக்கொள்கிறார்கள். நான் காது கொடுத்துக் கேட்பேன். ஏனென்றால் அதில் விபரம் இருக்கிறது. தாத்தா தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுவார், பாடசாலைக்கு வெளியே எந்த மரத்தடியில் குடையோடு நிற்பார், பழைய ஆணிகளைப் பால்மா ரின்னில் சேர்த்து வைத்திருந்தது ஏன் என்று தங்களுக்கு விளங்கவே இல்லை. தமிழ்மலரில் வரும் பேரப்பிள்ளைகள் புலம்பலை யாரோ ஒரு மாமா எழுதிக் கொடுத்திருப்பார். அந்தப் பிள்ளைக்கு அதை வாசிக்கவும் தெரியாது. ஆங்கிலத்தில் பேசுவது அதனுடைய சொந்த வாய். ஆனால் அதற்குத் தெரிந்த தாத்தா, பெற்றோர் விசாவில் வந்து கடைசிப் பத்து வருடம் இந்த வீட்டில் இருந்தவர் மட்டும். பால்மா ரின்னுக்கு முன்னால் ஒரு தச்சுப் பட்டறை இருந்தது என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய மகனோ, மலருக்கு ஊர்ப் பெருமை எழுதிக்கொண்டிருந்தார்.

ஆகவே நான் இப்போது கிழவர்களைச் சந்தித்தால் ஊர் எது, யாருடைய மகன் என்று கேட்பதை விட்டுவிட்டேன். என்ன வேலை செய்தீர்கள், எத்தனை மணிக்குக் கடை திறப்பீர்கள், முதல் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்கிறேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பெரும்பாலானவர்கள் நிறுத்தமாட்டார்கள். போன மாதம் ஸ்ரட் பார்க் கடைத்தொகுதிக்குள் ஒரு வாங்கிலில் எண்பது வயது மதிக்கத்தக்க ஐயா ஒருவர் இருந்தார். தையல் கடை வைத்திருந்தவராம். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்குமுன் இரவு இரவாக வெள்ளைச் சட்டை தைத்தது, வளருகிற பிள்ளைக்கு உள்ளே எவ்வளவு மடிப்பு விட்டால் அடுத்த வருடமும் போடலாம், தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குக் காசு வாங்காததைத் தாய்க்குத் தெரியாமல் எப்படிக் கணக்கில் மறைப்பது, 1995 இடப்பெயர்வில் மிஷினின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனது. ஒரு மணித்தியாலம் பேசினார். பேசும்போது என்னுடைய வேலைச் சட்டையின் கைமடிப்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "தம்பி, இது மிஷின் வேலை, ஆறு மாதத்திலை பிரியும்" என்றார். மகன் காரில் கூட்டிப்போக வந்தார். நல்ல மனிதர், என்னோடு கைகொடுத்துக் கதைத்தார். ஐயாவின் தொழிலைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தோம் என்றேன். "ஓம், அப்பா ஊரிலை பிஸ்னஸ் செய்தவர்" என்றார்.